பூனையின் பங்கு

ஏரிக்கரையில் என்னோடு காலை நடை நடக்கும் தோழிகளே, முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு பின்னால் வருகிறவர்களும் இதில் சேர்த்தி. நேற்று நம்மில் ஒருத்தி, நாவலூர் அடுக்ககத்தில் இருக்கும் தன் பேரனுக்கு மீன் எண்ணெயில் செய்த மிட்டாய் வாங்கித் தருகிறார்கள், அது கரடி வடிவத்தில் இருக்கிறது, அப்படியும் பையன் வளர மாட்டேன் என்கிறான் என்று குறைப்பட்டுக்கொண்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "மீன் தலையைக் கொடு" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் முகம் சுளித்தீர்கள். ஒருத்தி "உவ்வே" என்றாள். யார் என்று எனக்குத் தெரியும், அவளும் இதே ஏரி மீனைத் தின்று வளர்ந்தவள்தான். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை எழுதியே கொடுத்துவிடுகிறேன். நடந்துகொண்டே சொன்னால் எனக்கு மூச்சு வாங்குகிறது.

எனக்கு அப்போது எட்டு வயது. தம்பிக்கு மூன்று முடிந்து நான்காவது நடந்தது. பீர்க்கன்கரணை ஏரிக்கு இந்தப் பக்கம் ஒரே வரிசையில் ஏழு ஓட்டு வீடுகள், எங்களுடையது கடைசி. கரண்ட் நான்காவது வீட்டோடு நின்றுவிட்டது. எங்கள் வாசலில் கம்பம் நடத் தோண்டிய குழி மட்டும் இருந்தது, அதில் மழைத்தண்ணீர் நிற்கும், தவளை கத்தும். அப்பா தாம்பரத்தில் ஒரு லேத்துப் பட்டறையில் வேலை பார்த்தார். அவர் சட்டையில் எப்போதும் இரும்புத் தூளும் எண்ணெயும் கலந்த வாசனை வரும். அம்மாவுக்கு எங்களைத் தவிர வேறு வேலை இல்லை என்று அப்பா சொல்வார். சொல்லிவிட்டு அவள் அள்ளி வைத்த தண்ணீரில் குளிக்கப் போவார்.

அந்த வருடம் மழை நன்றாகப் பெய்து ஏரி வழிந்தது. தை பிறந்து தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் விரல் நீளத்துக் கெண்டைப்பொடி கூடை கூடையாகக் கரைக்கு வந்தது. பெரிய மீன் எல்லாம் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்விடும். இந்தப் பொடி மீன் மட்டும் எங்கள் வரிசைக்கே வரும். மீன்காரம்மா ஒரு பழைய பால் பவுடர் டின்னால் அள்ளி அள்ளிப் போடுவாள். முறத்தில் விழுந்ததும் அது வெள்ளிக்காசு போலத் துள்ளும். அந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டில் மீன் இல்லாத நாளே கிடையாது.

தம்பிக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி பால்வாடித் தராசு. உத்தரத்தில் ஒரு கொக்கி, கொக்கியில் வட்ட முகம் வைத்த தராசு, அதிலிருந்து தொங்கும் காக்கித் துணி. துணியில் இரண்டு ஓட்டை, குழந்தையின் கால் வெளியே வருவதற்கு. மாதம் ஒரு முறை டீச்சர் அவனை அதில் போட்டுத் தொங்கவிடுவார். அவன் கத்துகிற கத்தலில் முள் ஆடிக்கொண்டே இருக்கும், டீச்சரும் தலையை ஆட்டிக்கொண்டே எண்ணைப் படிப்பார். அதற்குப் பிறகு சுவரில் சிவப்புப் பெயின்டால் போட்ட அளவுக்கோட்டில் நிற்க வைப்பார். தம்பி குதிகாலைத் தூக்குவான். நான்தான் அதைச் சொல்லிக் கொடுத்திருந்தேன். குதிகாலைத் தூக்கியும் அவன் இரண்டு வயதுப் பிள்ளைகளின் கோட்டைத் தாண்டவில்லை.

டீச்சர் அம்மாவிடம் பொறுமையாகத்தான் சொன்னார். சோறு வயிற்றை நிரப்பும், பிள்ளையை வளர்க்காது, கீரை, முட்டை, மீன் கொடுங்கள் என்றார். தம்பி கீரையை வாயில் அடக்கி வைத்திருந்து, யாராவது கொஞ்ச வரும்போது அவர்கள் மேல் துப்புவான். முட்டை எங்கள் வீட்டுக்கு எப்போதாவது வரும், வந்தால் அப்பாவின் தட்டுக்குப் போகும். மீன்தான் இருக்கவே இருக்கிறதே, தினமும் கொடுக்கிறேன் என்று அம்மா சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. அதனால்தான் இத்தனை குழப்பமும் வந்தது.

அம்மா மீன் கழுவுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கள் வரிசையில் அதற்கென்று அவளுக்குத் தனிப் பெயர். மற்ற வீடுகளில் பொடி மீனை உப்புப் போட்டுச் சட்டியில் நாலு உரசு உரசி, அப்படியே குழம்பில் கொட்டுவார்கள். அம்மாவுக்கு அது அருவருப்பு. பிள்ளை தின்பது என்றால் இன்னும் கூடுதல் கவனம். அலுமினியச் சட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கெண்டையாக எடுத்து, கட்டை விரல் நகத்தால் தலையைக் கிள்ளுவாள். தலையோடு குடலும் ஈரலும் ஒரே இழுப்பில் வந்துவிடும். பிறகு கல்லில் தேய்ப்பாள், மஞ்சள் போட்டு ஒரு தண்ணீர், உப்புப் போட்டு ஒரு தண்ணீர், ஒன்றும் போடாமல் ஒரு தண்ணீர். கடைசித் தண்ணீர் குடிக்கிற தண்ணீர் மாதிரி தெளிந்திருக்க வேண்டும். வெந்த பிறகு முள்ளை எடுத்துவிட்டு, பஞ்சு போல வெள்ளைச் சதையை மட்டும் சோற்றில் பிசைந்து தம்பிக்கு ஊட்டுவாள். ராஜா வீட்டுப் பிள்ளைக்குக்கூட அப்படி ஒரு மீன் கிடைத்திருக்காது.

கிள்ளிய தலையெல்லாம் ஒரு டின் மூடியில் சேரும். அதைக் கொல்லைக்குக் கொண்டுபோய்ப் பூனைக்குப் போடுவது என் வேலை. அது யாருடைய பூனையும் இல்லை, மஞ்சளும் வெள்ளையுமாக இருக்கும். ஐப்பசியில் எங்கள் கொல்லைக்கு வந்தபோது எலும்பும் தோலும். மாசி மாதம் அதன் முதுகில் எண்ணெய் பூசினது போல ஒரு மினுமினுப்பு. கண் இரண்டும் பளிச்சென்று இருக்கும். பக்கத்து வீட்டு நாய் அதைப் பார்த்தால் வேறு வழியாகப் போகும்.

இப்போது என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். கொல்லையில் வெந்நீர் அடுப்பு ஒன்று உண்டு. அப்பா குளித்துவிட்டுப் போன பிறகும் அதில் தணல் கிடக்கும். ஒரு நாள் விளையாட்டாக நாலு தலையை ஈர்க்குச்சியில் குத்தித் தணலில் காட்டினேன். ஈரல் சுருங்கிப் பொரிந்தது. ஒரு வாசனை வந்தது பாருங்கள், அதற்கு இன்றுவரை ஈடு கிடையாது. முறுமுறுவென்று இருந்தது, லேசான கசப்பு, அதற்குப் பின்னால் ஒரு கொழுப்பு. அன்றிலிருந்து பாதி எனக்கு, பாதி பூனைக்கு. பூனை முறைத்துப் பார்த்தது, பிறகு ஒத்துக்கொண்டது. யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் சோறு இருக்கும்போது பூனைக்குப் போட்டதைத் தின்றாள் என்று தெரிந்தால் அந்த வரிசையில் என்னால் தலை காட்ட முடியாது. பள்ளிக்கூடத்தில் அதுவே எனக்குப் பெயராகி, கல்யாணப் பத்திரிகை வரைக்கும் கூடவே வரும் என்று பயந்தேன்.

நான் வளர்ந்தேன். பாவாடை கணுக்காலை விட்டு ஏறியது. கன்னம் உப்பியது. தம்பி அப்படியே இருந்தான். அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பொழுது சாய்ந்தால் அவன் எங்கே இருக்கிறானோ அங்கேயே உட்கார்ந்துவிடுவான். கூப்பிட்டால் வர மாட்டான். தூக்கி நிறுத்தினால் கையை முன்னால் நீட்டிக்கொண்டு அழுவான். இரண்டு முறை ரசச் சட்டியில் காலை வைத்தான், நல்ல வேளையாக ஆறின ரசம். அப்பா அவனைப் பயந்தாங்கொள்ளி என்றார். ஆம்பளைப் பிள்ளை இருட்டுக்குப் பயப்படலாமா என்று ஒரு நாள் முதுகில் ஒன்று வைத்தார். இன்னொரு நாள் கொடியில் தொங்கிய லுங்கியைப் பார்த்து, அப்பா தூக்கு என்று இரண்டு கையையும் நீட்டினான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். இப்போது கொடியில் லுங்கி தொங்குவதைக் கண்டால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன், ஆனால் அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன் என்பதுதான் உண்மை.

படப்பையிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. அவள் வருகிறாள் என்றால் எங்கள் வீட்டில் ஏதோ ஒன்றுக்குத் தீர்ப்பு எழுதப்போகிறாள் என்று அர்த்தம். தம்பியைத் தூக்கி எடை பார்த்தாள், அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். முதலில் கண்ணேறு என்றாள், மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். நாங்கள் எல்லோரும் இருமினோம், அவளும் இருமினாள். மூன்று நாளாகியும் தம்பி வளரவில்லை என்றதும் அவள் பார்வை என் கன்னத்தின் மேல் விழுந்தது.

"புள்ளைக்கு வெச்சத இவதான் துன்றா. பாரு, பூசணிக்கா கணக்கா கீறா," என்றாள்.

நான் தம்பியின் தட்டைத் தொட்டதே இல்லை என்று அழுதேன். அது சத்தியமான வார்த்தை. ஆனால் அழுதுகொண்டே கண்ணைக் கீழே போட்டதை அத்தை பார்த்துவிட்டாள். திருடாதவள் எதற்குக் கண்ணைக் கீழே போடுகிறாள் என்று அப்பாவிடம் கேட்டாள். நியாயமான கேள்விதான். அப்பா யோசித்தார். சனிக்கிழமை என்னைப் படப்பைக்குக் கூட்டிக்கொண்டு போவது, தம்பி தேறும்வரை அங்கேயே வைத்துக்கொள்வது என்று முடிவானது. அத்தை வீட்டில் விடியற்காலையில் எழுப்பிச் சாணி அள்ளச் சொல்வார்கள். அதைவிட, என் தம்பியின் சோற்றைப் பிடுங்கித் தின்றவள் என்ற பெயரோடு போகவேண்டும் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சனிக்கிழமை என் துணிகளை மஞ்சள் பையில் வைத்துக் கட்டியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து டீச்சர் வந்தார். மூன்று மாதமாகத் தராசு முள் நகரவில்லை என்று பார்க்க வந்தவர். அம்மா அப்போதுதான் மீனோடு உட்கார்ந்திருந்தாள். டீச்சர் தம்பியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், இமையைத் தூக்கிக் கண்ணைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். சாயங்காலத்தில் தடுமாறுகிறானா என்று கேட்டார். அது பயம் டீச்சர், என்றாள் அம்மா. அது பயம் இல்லை, மாலைக்கண், என்றார் டீச்சர். அதற்குக் கொடுக்கும் வைட்டமின் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறேன், வந்ததும் முதலில் இவனுக்குத்தான் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, இப்படியே விட்டால் கண்ணே போய்விடும் என்று சொன்னார்.

அம்மாவின் கையில் இருந்த கெண்டை நழுவிச் சட்டியில் விழுந்தது. அப்பா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தம்பியின் முதுகில் வைத்த அந்த ஒரு அடியை நினைத்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்கு அது தோன்றவில்லை. தம்பிக்குக் கண் தெரியாமல் போனால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவது யார், நான்தான் படப்பைக்குப் போகிறேனே, என்று மட்டும் நினைத்தேன்.

தினமும் மீன் கொடுக்கிறேனே என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள். கொடுக்கிறாள், இவள்தான் தின்றுவிடுகிறாள் என்று அத்தை என்னைக் காட்டினாள். டீச்சர் என்னை அருகில் கூப்பிட்டு, என் முகத்தையும் தம்பி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவன் சாப்பிடாத எதை நீ சாப்பிடுகிறாய், என்று கேட்டார். தம்பி அப்போது என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பட்டப்பகல், அவனுக்கு நன்றாகவே கண் தெரிந்தது, என்னைப் பார்த்துச் சிரித்தான். பெயர் போனால் போகட்டும் என்று முடிவு செய்தேன்.

"நான் தம்பி பங்கத் துன்னல டீச்சர். பூனையோட பங்கத்தான் துன்னேன்," என்றேன்.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. டீச்சர் சிரிக்கவில்லை. பூனைக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். நான் டின் மூடியைக் கொண்டுவந்து காட்டினேன். தலையும் கண்ணும் ஈரலுமாகக் குவிந்து கிடந்தது. பூனையும் என் பின்னாலேயே வந்து, டீச்சர் காலடியில் முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்து, தன் பளபளத்த முதுகை எல்லோருக்கும் காட்டியது.

டீச்சர் மூடியை அம்மாவிடம் நீட்டினார். "கண்ணுக்கும் வளர்த்திக்கும் வேண்டிய சத்து இதுலதாம்மா இருக்கு. பொடி மீனை முழுசா சாப்பிடணும். நீங்க இதைக் கிள்ளிப் போட்டுட்டு, மிச்சத்தைப் பையனுக்குக் குடுத்துட்டு இருந்திருக்கீங்க."

அம்மா மூடியை வாங்கிக்கொண்டாள். தலையைக் கொடுத்தால் தொண்டையில் முள் சிக்கிக்கொள்ளாதா என்றுகூடக் கேட்கவில்லை. டீச்சர் போன பிறகு கொல்லைப் பக்கம் போனாள். நான் பின்னால் போனேன். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று அழுதுகொண்டிருந்தாள். என்னை அடிப்பாள் என்று எட்டியே நின்றேன்.

"புள்ளைக்குன்னு பாத்துப் பாத்துக் கழுவினேன்டி," என்றாள்.

மஞ்சள் பையை அவளே அவிழ்த்து என் துணிகளைப் பெட்டியில் வைத்தாள். அத்தை தனியாகப் படப்பைக்குப் பஸ் ஏறினாள். போகும்போது, கண்ணேறும் கொஞ்சம் இருந்தது என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அடுத்த நாள் அம்மா மீன் கழுவிய விதமே வேறு. ஒரே ஒரு தண்ணீர். தலையைத் தொடவில்லை. அவள் முகம் மட்டும் ஏதோ தப்புக் காரியம் செய்கிறவள் போல இருந்தது. முழு மீனை வேகவைத்து, தலையோடு சோற்றில் பிசைந்து கொடுத்தாள். தம்பி கீரைக்குச் செய்ததையே இதற்கும் செய்தான். அது அப்பாவின் பட்டறைச் சட்டை மேல் போய் விழுந்தது. அம்மா அரை நாள் யோசித்தாள். பிறகு மீனை முழுசாகவே பழைய புடவையில் பரப்பி, ஓட்டின் மேல் நிழல் விழும் இடம் பார்த்து உலர்த்தினாள். வெறும் சட்டியில் முறுக வறுத்தாள். அம்மியில் வைத்து, பொட்டுக்கடலையும் மிளகும் கொஞ்சம் உப்பும் சேர்த்து மாவாக அரைத்தாள், சலித்தாள், சலித்ததில் நின்றதை மறுபடி அரைத்தாள். பார்ப்பதற்கு இட்லிப் பொடியேதான். நல்லெண்ணெய் விட்டுக் குழைத்து இட்லியில் தடவிக் கொடுத்ததும் தம்பி தின்றான். இன்னொன்று கேட்டான். அவன் வாயிலிருந்து இன்னொன்று என்ற வார்த்தை வந்து நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்தப் பொடியால் வீட்டில் இரண்டு சண்டை வந்தது. முதல் சண்டை அப்பாவோடு. டப்பா மாறி அவர் பட்டறைக்கு அதைக் கொண்டுபோய்விட்டார். சாயங்காலம் வந்து, நாளைக்கும் அதே பொடியை வை என்றார். கல்யாணமான நாள் முதலாக அப்பா கேட்டு அம்மா எதையும் மறுத்ததில்லை. அது புள்ளைக்கு, என்று டப்பாவைப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டாள். இரண்டாவது சண்டை பூனையோடு. அது நாலு நாள் அம்மியின் மேலேயே உட்கார்ந்து பார்த்தது, அம்மாவைப் பார்த்துக் கத்தியது, கடைசியில் மூன்றாவது வீட்டுக்குக் குடி போனது. எனக்கும் அதற்கும் ஒரே நட்டம். என்னால் மட்டும் அதை வெளியே சொல்ல முடியவில்லை. ஒரு விஷயம் உங்களுக்குச் சொல்கிறேன், பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குப் பட்டப்பெயர் வைக்கவில்லை. அப்பா வெளியில் அதைப்பற்றி வாய் திறக்கவே இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது.

உயரத்தைப் பற்றிக் கேட்பீர்கள். வந்தது, ஆனால் முழுசாக வரவில்லை. முதல் மூன்று வருடத்தில் விட்டதை முழுசாகப் பிடிக்க முடியாது என்று டீச்சரே சொல்லியிருந்தார். இப்போது அவனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, பஸ்ஸில் மேல்கம்பி எட்டாது, சீட்டுக்கு இடித்துக்கொண்டு போவான். எங்களுக்கு அப்போது இருந்த கவலை உயரத்தைப் பற்றி இல்லை. தினமும் பொழுது சாயும் நேரம் அம்மா அவனையே பார்த்துக்கொண்டு இருப்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம். சொட்டு மருந்து இன்னும் வரவில்லை. இரண்டு வாரம் போயிற்று, மூன்றாவது வாரமும் பாதி போயிற்று.

அன்று நாங்கள் மூவரும் வாசற்படியில் இருந்தோம். சூரியன் ஏரிக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. விளக்கு இன்னும் ஏற்றவில்லை. அம்மா அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டு முறத்தைக் கீழே வைத்தாள், அவ்வளவுக்கு இருட்டிவிட்டது. தம்பி அவள் மடியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, அப்பா பீடி புடிக்கிறாரு," என்றான்.

நான் திடுக்கிட்டேன். அப்பா பீடியை விட்டுவிட்டேன் என்று தம்பி தலையில் கை வைத்துச் சத்தியம் செய்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அம்மா எழுந்து பார்த்தாள். தெருமுனைப் புளியமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு ஓர் ஆள் நின்றான், கையில் ஒரு சிவப்புப் பொட்டு. அப்பாவேதான். தினமும் வீட்டுக்கு வருமுன் அங்கே நின்று ஒன்றை முடித்துவிட்டு, புளிய இலையை மென்றுகொண்டு வருகிறார் என்பது அன்றுதான் வெளியே வந்தது. அம்மாவுக்கு அது காதில் ஏறவில்லை. நெருப்பு எந்தக் கண்ணுக்கும் தெரியும், அதை வைத்துக் கண் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது என்று என்னிடம் முணுமுணுத்தாள். அவள் கை என் தோளை அழுத்திக்கொண்டிருந்தது.

அதற்குள் அப்பா எங்களைப் பார்த்துவிட்டார். கையை மெதுவாகப் பின்னால் கொண்டுபோனார். சிவப்புப் பொட்டு மறைந்தது.

"முதுவாண்ட ஒளிக்கிறாரு," என்றான் தம்பி.

அம்மா அங்கிருந்தே, அப்படியே நில்லு, கையை மேலே தூக்கு என்று கத்தினாள். அப்பா போலீஸைக் கண்டவர் மாதிரி இரண்டு கையையும் தூக்கினார். விரலைக் காட்டு என்றாள். எதற்கு என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. பீடியைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு விரலைக் காட்டினார். தம்பி ரெண்டு என்றான். மூன்று விரலைக் காட்டினார். மூணு. அப்பா ஐந்து விரலையும் விரித்தார். தம்பிக்கு மூன்றுக்கு மேல் எண்ணத் தெரியாது. கொஞ்சம் யோசித்து, நெறைய என்றான்.

அப்பா சைக்கிளை மரத்தடியிலேயே விட்டுவிட்டு வந்தார். படியில் உட்கார்ந்து தம்பியை மடியில் போட்டுக்கொண்டு அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். சத்தியத்தை மீறினதற்கு வரப்போகும் வசவுக்காகத் தலை குனிந்திருந்தார். அம்மா உள்ளே போனாள், அடுப்படியில் ஏதோ தேடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து நெருப்புப் பெட்டியை அவரிடம் நீட்டினாள்.

"புள்ளைக்காவப் பாதியில போட்டுட்டியே, இன்னொண்ணு பத்த வெச்சுக்கய்யா," என்றாள்.